கம்பம் ஒன்று, ஆயுள் நான்கு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. மலையில் இருக்கும் பிள்ளைகளாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன மாதம் தாண்டிக்குடிக்கு அப்பால் ஒரு சிற்றூருக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். 2004 முதல் 2009 வரை அங்கே தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தேன். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து காப்பித் தோட்டத்து வழியாக மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்து முன்னால் இருந்த சோலார் விளக்குக் கம்பம் இன்னும் நிற்கிறது. விளக்கு இல்லை. பேட்டரிப் பெட்டியும் இல்லை. உச்சியில் தகடு மட்டும் இருக்கிறது, கீழ் ஓரத்தில் பாசி பிடித்து. என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது வயரிங் வேலை பார்க்கிறான். "டீச்சர், ஒரு வேடிக்கை காட்டவா?" என்று ஏணி போட்டு ஏறினான். தகட்டைத் துணியால் துடைத்துவிட்டு மீட்டரை வைத்தான். நல்ல வெயில் நேரம். இருபது வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. 2006ல் வந்த தகடு அது.

"இது உயிரோடதான் இருக்கு டீச்சர். மத்ததுதான் செத்துப்போச்சு" என்றான்.

அதையே யோசித்துக்கொண்டு மலை இறங்கினேன். சோலார் விளக்கு எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டால் விற்கிறவர் இருபத்தைந்து என்பார். ஊர்க்காரர் மூன்று என்பார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில், மலைக்கு ஏன் சோலார் வந்தது என்று பார்ப்போம். தமிழ்நாடு மின்சார வாரியம் 1957ல் தொடங்கியது. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் சமவெளிக் கிராமங்களுக்குக் கம்பி போய்ச் சேர்ந்தது. பழனி மலையில் காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு அது எளிதாக இல்லை. பத்து வீட்டுக்காகப் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கம்பி இழுக்க வேண்டும். 1980ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, காப்புக் காட்டு வழியாகக் கம்பம் நட மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். காட்டைக் காக்க அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் அரிக்கேன் விளக்கோடு நடந்தவர்களுக்கு அதனால் இருட்டு இன்னும் கொஞ்சம் நீண்டது.

கம்பி வராத இடத்துக்கு வெயில் வரும் என்பதுதான் சோலாரின் கணக்கு. அதிலும் நம் மலைக்கும் சூரியனுக்கும் பழைய உறவு உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899ல் தொடங்கி, 1901ல் சூரியனைப் பதிவு செய்ய ஆரம்பித்தது. கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரம். சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் எப்படி ஓடுகின்றன என்பதை ஜான் எவர்ஷெட் 1909ல் கண்டுபிடித்தது அங்கேதான். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள், வானம் விட்டுக்கொடுக்கும் நாட்களில். இந்தக் கடைசி மூன்று வார்த்தைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்கும் அவை வேண்டும்.

சோலார் தகட்டின் கதை 1954ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூன்று பேர் சிலிக்கான் சோலார் செல்லைச் செய்து காட்டினார்கள். மேலே விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரமாக மாறியது. 1958 மார்ச்சில் அமெரிக்கா வான்கார்ட் 1 என்ற சிறு செயற்கைக்கோளை அனுப்பியது. அதில் இரண்டு வானொலிக் கருவிகள். ஒன்று பேட்டரியில் ஓடியது, மற்றது சோலார் செல்லில். பேட்டரிக் கருவி அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே அடங்கிவிட்டது. சோலார் கருவி 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. நம் ஊர்க் கம்பத்தின் கதை முழுவதும் அந்தச் சின்னக் கோளில் அன்றே நடந்து முடிந்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

இந்தியாவில் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1977ல் முதல் சோலார் செல்லையும் 1978ல் முதல் தகட்டையும் செய்தது. தமிழ்நாட்டில் எரிசக்தி மேம்பாட்டு முகமை 1985ல் தொடங்கப்பட்டது. மெல்ல மெல்லத் தகடுகள் கிராமங்களுக்கு வர ஆரம்பித்தன.

எங்கள் ஊருக்கு 2006ல் நான்கு விளக்குகள் வந்தன. அந்தக் காலத்தில் நாடு முழுவதும் ஒரே அளவுதான்: 74 வாட் தகடு, 12 வோல்ட் 75 ஆம்பியர்-அவர் பேட்டரி, 11 வாட் சி.எஃப்.எல். விளக்கு. முதல் நாள் சாயங்காலம் இருட்ட ஆரம்பித்ததும் யாரும் சுவிட்சைத் தொடாமல் தானாக எரிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு பாட்டி கம்பத்தடியில் சூடம் கொளுத்திக் கும்பிட்டார். சிரிக்காதீர்கள். தீப்பந்தத்தோடு தண்ணீருக்குப் போனவர் அவர்.

இப்போது ஆயுள் கணக்குக்கு வருகிறேன். ஒரு கம்பத்தில் ஒரு ஆயுள் இல்லை, நான்கு ஆயுள் இருக்கிறது.

முதலாவது, தகடு. அதில் அசைகிற பாகம் எதுவும் இல்லை. 25 ஆண்டு முடிவிலும் புதிதாக இருந்தபோது தந்ததில் 80 சதவீதம் தர வேண்டும் என்பது வழக்கமான உத்தரவாதம். சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 1982ல் வைத்த தகடுகளை 35 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை அப்போதும் மின்சாரம் தந்தன.

இரண்டாவது, விளக்கு. ஒரு இரவுக்கு 11 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மணி நேரம். சி.எஃப்.எல். விளக்கின் ஆயுள் 6,000 முதல் 8,000 மணி நேரம். ஆக, இரண்டு ஆண்டு. வீட்டு சி.எஃப்.எல். பல்பை வாங்கி மாட்டவும் முடியாது. இது 12 வோல்ட்டுக்கு என்று தனியாகச் செய்தது. வத்தலக்குண்டுக் கடைகளில் நான் கேட்டபோது கிடைக்கவில்லை.

மூன்றாவது, கன்ட்ரோலர். உள்ளங்கை அளவுப் பெட்டி. பேட்டரி நிறைந்தால் நிறுத்துவதும், ரொம்பக் காலியானால் விளக்கை அணைப்பதும், இருட்டினால் போடுவதும் இதன் வேலை. இதற்கு எமன் ஈரம். மூடி சரியாக மூடாவிட்டால் மலைப் பனி உள்ளே போய்விடும், எறும்பும் போகும்.

நான்காவது, பேட்டரி. ஈய-அமில பேட்டரியை பிரான்சின் காஸ்டன் பிளாந்தே 1859ல் செய்தார். அதற்குப் பிறகு எவ்வளவோ மாற்றங்கள், ஆனால் அடிப்படைக் குணம் மாறவில்லை. தினமும் நிறைய வேண்டும், அடியோடு வடியக்கூடாது, தண்ணீர் குறையக்கூடாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து ஆண்டு, சில சமயம் அதற்கு மேலும். பார்க்காவிட்டால் இரண்டு.

நான்கு பேர் சேர்ந்து தூக்கும் கட்டிலில் ஒருவர் கையை விட்டால் கட்டில் சாய்ந்துவிடும். விற்கிறவர் சொல்லும் 25 தகட்டின் வயது. ஊர்க்காரர் சொல்லும் 3 கட்டிலின் வயது.

இதில் மலைக்கு என்று தனி விஷயம் ஒன்று இருக்கிறது. பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. ஏறக்குறைய பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் கீழே பழனியிலும் திண்டுக்கல்லிலும் இருக்கும் பேட்டரியைவிட மேலே இருப்பது நீண்ட நாள் வாழ வேண்டும். ஆனால் கீழே வெப்பத்தில் சாகிறது, மேலே பட்டினியில் சாகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மலையை நினைத்துப் பாருங்கள். காலை பத்து மணிக்கும் எதிர் வீடு தெரியாது. அடர்ந்த மேகமூட்டத்தில் தகடு தருவது ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்று விழுந்துவிடும். அந்த விளக்குகளை வெயில் இல்லாமல் மூன்று நாள் தாங்கும்படி கணக்குப் போட்டிருந்தார்கள். நம் மலையில் தொடர்ந்து பத்து நாள் சூரியன் முகம் காட்டாமல் இருப்பது உண்டு. அரை வயிற்றோடு பல நாள் கிடந்த ஈயத் தகடுகளில் வெள்ளையாகப் படிவு கட்டி இறுகிவிடும். பிறகு வெயில் வந்தாலும் அந்த பேட்டரி பழையபடி வாங்காது. டெல்லியிலும் ராஜஸ்தானிலும் சரியாக இருக்கும் கணக்கு கொடைக்கானலுக்கும் சரியாக இருக்க வேண்டியதில்லை. ஆய்வகத்துக்காரர்கள் அறிந்த "வானம் விட்டுக்கொடுக்கும் நாட்கள்" என்பதை விளக்குக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. மலைக்குப் பெரிய தகடு வைக்கலாம். மழை மாதங்களில் நள்ளிரவுக்குப் பிறகு ஒளியைக் குறைக்கலாம். தகட்டின் மேல் சாயும் கிளையை வெட்டலாம். ஒரு மூலையில் விழும் சின்ன நிழல்கூட தகட்டின் உற்பத்தியைப் பெரிதாகக் குறைக்கும், ஏனென்றால் செல்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்திருக்கின்றன.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

விளக்கு வைக்க வந்த பையன் போகும்போது என்னிடம்தான் எல்லாம் சொல்லிவிட்டுப் போனான். "டீச்சர், மாசம் ஒரு தடவை தகட்டைத் தொடைக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்ட் வாட்டர் பாக்கணும். கொழாத் தண்ணி ஊத்திராதீங்க." நான்கு பெட்டிகளுக்கும் பூட்டு. நான்கு சாவியையும் ஒரு கயிற்றில் கோத்து என் கையில் கொடுத்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு நோட்டுப் போட்டேன். எந்த விளக்கு எரிந்தது, எது எரியவில்லை, எப்போது தண்ணீர் ஊற்றினோம் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த மூன்று ஆண்டும் விளக்குகள் பெரும்பாலும் எரிந்தன. மழைக்காலத்தில் விடியுமுன் அணைந்துவிடும், தை பிறந்ததும் சரியாகிவிடும். பல்பு போனபோது இரண்டு முறை மதுரைக்கு ஆள் அனுப்பி வாங்கினோம்.

2009ல் எனக்கு மாற்றல் வந்தது. பள்ளிச் சாவி, பீரோச் சாவி, வருகைப் பதிவேடு, சத்துணவுக் கணக்கு எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கி ஒப்படைத்தேன். பேட்டரிப் பெட்டியின் சாவி என் கைப்பையில் இருந்தது. அது பள்ளிச் சொத்துப் பட்டியலில் இல்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. எனக்கும் ஞாபகம் வரவில்லை. அடுத்த ஆண்டு பை மாற்றும்போதுதான் கண்ணில் பட்டது. "இந்நேரம் பூட்டை உடைத்துத் திறந்திருப்பார்கள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். ஒரு தபால் உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம்.

போன மாதம்தான் மீதிக் கதை தெரிந்தது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. "அரசாங்கப் பூட்டு, டீச்சரம்மாதான் தொறக்கணும்" என்று விட்டுவிட்டார்கள். தண்ணீர் வற்றி நான்கு பேட்டரியும் அந்த மழையைத் தாண்டவில்லை. விளக்கு அணைந்த பிறகு ஒரு மார்கழி இரவில், ஊர் முக்கில் நின்ற காட்டுமாடு ஒரு பெரியவரை முட்டித் தூக்கி எறிந்தது. இடுப்பு எலும்பு முறிந்து, அதற்குப் பிறகு அவர் தோட்ட வேலைக்குப் போகவே இல்லை. விளக்கு எரிந்திருந்தால் இது நடந்திருக்காது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. காட்டுமாடு வெளிச்சத்திலும் வரும். ஆனால் அவர் அதைப் பார்த்திருப்பார்.

செத்த பேட்டரிகளைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 கிலோ, அதில் பாதிக்கு மேல் ஈயம். சுமை குறைய அமிலத்தை ஊர் எல்லையில் கவிழ்த்துவிட்டுப் போனாராம். அந்த இடத்தில் ரொம்ப நாள் புல் முளைக்கவில்லை என்றார்கள். சி.எஃப்.எல். குழாய்கள் ஓடையோரம் உடைந்து கிடந்தன. அவற்றுக்குள் கொஞ்சம் பாதரசம் உண்டு.

பாதரசம் என்றதும் கொடைக்கானல்காரர்களுக்கு நெஞ்சு பதறும். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில், வெப்பமானி ஆலையிலிருந்து வந்த பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊர்மக்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. விளக்குகளில் இருப்பது அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய அளவு, சில மில்லிகிராம்தான். ஆனால் ஒரு பொருள் உழைத்து முடிந்த பிறகு எங்கே போகிறது என்று கேட்கும் பழக்கத்தை நம் மலை மக்கள் அன்றே கற்றுக்கொண்டார்கள். பழைய பேட்டரியை விற்றவரே திரும்ப வாங்க வேண்டும் என்று அதே 2001ல் விதி வந்தது. 2022ல் வந்த புதிய விதி அந்தப் பொறுப்பை பேட்டரி செய்பவர் தலையில் வைத்தது. விதி இருப்பது அந்த இரும்புக்காரருக்கும் தெரியாது, எனக்கும் அன்று தெரியாது.

அதற்குப் பிறகு காலம் மாறியது. 2010ல் தேசிய சூரிய மின் இயக்கம் வந்தது. 2022க்குள் 2 கோடி சோலார் விளக்குகள் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. தமிழ்நாட்டில் 2011-12 முதல் ஐந்து ஆண்டுகளில் ஒரு லட்சம் தெருவிளக்குகளைச் சூரிய சக்தியில் எரிய வைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது, ஆண்டுக்கு 20,000. நல்ல திட்டங்கள்தான். ஆனால் எத்தனை நட்டார்கள் என்பதைச் செய்தியில் படிக்கும் நாம், ஐந்தாம் ஆண்டில் எத்தனை எரிகிறது என்று கேட்பதில்லை.

எல்.இ.டி. வந்தது பெரிய விடுதலை. நீல எல்.இ.டி. கண்டுபிடித்த ஜப்பானியர்கள் மூவருக்கு 2014ல் நோபல் பரிசு கிடைத்தது. அதிலிருந்துதான் வெள்ளை வெளிச்சம் பிறந்தது. தரமான எல்.இ.டி. 50,000 மணி நேரம் உழைக்கும். நம் 4,000 கணக்கில் பன்னிரண்டு ஆண்டு. இப்போது தகடு, லித்தியம் பேட்டரி, விளக்கு எல்லாம் ஒரே பெட்டியாகக் கம்பத்தின் உச்சியில் வருகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், இரண்டாயிரம் முறைக்கு மேல் நிறைந்து வடியும். உயரத்தில் இருப்பதால் திருட்டும் குறைவு. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. உள்ளே ஐம்பது ரூபாய் பாகம் போனாலும் திறந்து பார்க்க ஆள் இல்லாமல் மொத்தப் பெட்டியையும் தூக்கிப் போடுகிறோம். நான்கு ஆயுளையும் ஒரே டப்பாவில் அடைத்தால் எண்ணிக்கை ஒன்றாகிவிடாது.

எங்கள் ஊருக்கு 2014ல் இரண்டாவது முறையாக எல்.இ.டி. சோலார் விளக்குகள் மூன்று வந்தன. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நம் மலை வழியாகப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். மரங்கள் சாய்ந்து, மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. அன்று எங்கள் ஊரில் அந்த மூன்றில் ஒரே ஒரு விளக்கு எரிந்ததாம். டீக்கடை முன்னால் இருந்தது. மற்ற இரண்டும் அதே நாளில், அதே வண்டியில் வந்தவை. ஏன் இது மட்டும் என்று கேட்டேன். டீக்கடை அக்கா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க கடைக்கு வெளிச்சம் வேணும்ல டீச்சர். மாசம் ஒருக்கா மகனை ஏத்தித் தொடைக்கச் சொல்லுவேன். கொய்யாக் கிளைய வெட்டிருவேன்."

வான்கார்ட் முதல் லித்தியம் வரை இத்தனை படித்து நான் கண்டுபிடித்ததை அந்த அக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். விளக்கின் ஆயுள் ஐந்தாவதாக ஒரு பொருளில் இருக்கிறது. அது ஆள்.

ஆகவே மலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு நான்கு வேலை தருகிறேன். பழைய டீச்சர் வீட்டுப்பாடம் தராமல் விடமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும்.

1. உங்கள் ஊர்க் கம்பத்தில் வைத்த மாதமும் ஆண்டும் பெயின்டில் எழுதுங்கள். எழுதி வைத்தால்தான் உத்தரவாதக் காலத்துக்குள் கேட்க முடியும்.

2. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வீட்டைப் பொறுப்பாக்குங்கள். அந்த வீட்டு வாசலுக்கு வெளிச்சம் விழ வேண்டும்.

3. ஐந்தாம் ஆண்டு பேட்டரி மாற்றப் பணம் ஒதுக்க வேண்டும் என்று கிராம சபையில் இப்போதே தீர்மானம் போடுங்கள். செத்த பிறகு கேட்டால் புது விளக்கு வரும் வரை இருட்டுதான்.

4. பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் புதியதை வாங்குங்கள். அமிலம் நம் ஓடையில் கலக்க வேண்டாம்.

அந்த வயரிங் பையன் பழைய தகட்டுக்கு ஒரு சின்ன லித்தியம் பேட்டரியும் எல்.இ.டி. விளக்கும் வாங்கிப் பொருத்தப் போகிறான். செலவு என்னுடையது. ஊராட்சியில் கேட்டுக்கொண்டுதான் செய்கிறோம். இந்த முறை பேட்டரிப் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று பள்ளிக்கூடத்தில், சொத்துப் பட்டியலில் எழுதி. இன்னொன்று டீக்கடை அக்காவிடம்.

பழைய நான்கு சாவியையும் கையோடு கொண்டு போயிருந்தேன். அந்தப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் காட்டி, நடந்ததைச் சொன்னேன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இதுவா டீச்சரம்மா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

உங்கள் ஊரில் சோலார் விளக்கு எந்த ஆண்டு வைத்தார்கள், இன்று எரிகிறதா, பார்த்துக்கொள்வது யார் என்று கீழே எழுதுங்கள். எரியாவிட்டாலும் எழுதுங்கள்.